ஓக் மரத்துக்கு நூற்றுக்கு மூன்று

மூன்றாவது வருஷமும் மழை பொய்த்துப்போனதால், வீட்டுத் தோட்டத்துக்கு உகந்தது ஓக் மரமா, வீட்டுக்காவலன் செடியா என்று உடனடியாக முடிவுசெய்ய வேண்டிய அவசியம் நகராட்சிக்கு ஏற்பட்டது. மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று துபோவா கிராமத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நகராட்சிக்கு ஏற்படும் அவசியங்களைப் பற்றிக் கேட்கிற பழக்கம் செர்பியாவில் எந்த ஊரிலும் இல்லை.

வீட்டுக்காவலன் என்றால் ஆள் இல்லை, செடி. சதைப்பிடித்த சின்னச் சின்ன இலைகள் ரோஜாப்பூ போல அடுக்கடுக்காக, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். தண்ணீர் கேட்காது. கூரை இடுக்கில் ஒரு சிட்டிகை மண் கிடைத்தால் போதும், குடும்பம் நடத்திவிடும். அது இருக்கிற வீட்டில் இடி விழாது என்று எல்லாரும் கூரையில் வைத்திருந்தார்கள். குழந்தைக்குக் காது வலித்தால் ஒரு இலையைக் கிள்ளிப் பிழிந்து ஒரு சொட்டு விடுவார்கள். அதற்கு மேல் அதை யாரும் கண்டுகொண்டதில்லை. நகராட்சித் தலைவரின் மனைவி தன் தோட்டத்து மரங்களையெல்லாம் எடுத்துவிட்டு, வெள்ளைக் கூழாங்கல் கொட்டி, நடுநடுவே வீட்டுக்காவலன் நட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போட்ட பிறகுதான் ஊருக்குக் கண் திறந்தது.

முதலில் தோப்ரிலாவின் பக்கத்து வீட்டு ஸாகோர்கா தன் அக்ரூட் மரத்தை வெட்டினாள். எதிர்வீட்டில் இரண்டு பிளம் மரம் போயிற்று. லாரி லாரியாகக் கூழாங்கல் வந்து இறங்கியது.

"பாத்தியா தோப்ரிலா, அப்படியே இத்தாலி மாதிரி இல்ல?" என்று ஸாகோர்கா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். அவள் இத்தாலி போனதில்லை. தோப்ரிலாவும் போனதில்லை. அதனால், "ஆமாக்கா" என்றாள்.

கடைசியில் ஊருக்குள் மிஞ்சியது தோப்ரிலாவின் முற்றத்து ஓக் மரம் ஒன்றுதான். அதன் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க ஐந்து பேர் வேண்டும். கீழ்க்கிளையில் தூளி தொங்கும். தூளியில் அவள் குழந்தை விஷ்னியா தூங்குவாள். அங்கே மட்டும்தான் தூங்குவாள். வீட்டுக்குத் தகரக் கூரை. உள்ளே பகலில் ரொட்டியே சுட்டுவிடலாம். ஒருநாள் உள்ளே போட்டுப் பார்த்ததில் குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு எழும்பி, சாயந்திரம்வரை கத்தித் தீர்த்துவிட்டது. புருஷன் கோய்கோ வியன்னாவில் கட்டட வேலை. வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் மாமியார் ஸ்தானாதான் பேசுவாள். அதில் தோப்ரிலாவுக்கு ஒரு குறையும் இல்லை. வெளியாள் வந்தால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட நிலையில் ஆனி மாதத்து உச்சிவெயிலில் அதிகாரி வந்து நின்றார்.

"வணக்கம். வறட்சி தாங்கும் தோட்டங்களுக்கான ஒப்பீட்டு ஆய்வுக் குழு."

"குழுவா? மத்தவங்க எங்க?" என்றாள் ஸ்தானா.

"குழுங்கிறது நான்தான். மிலாதின். இவங்க யாஸ்னா. ஒப்பந்த ஊழியர். அதனால ஆள் கணக்குல வரமாட்டாங்க."

கணக்கில் வராத யாஸ்னா, மடக்கு மேசையையும் இரண்டு நாற்காலியையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள். மிலாதின் முற்றத்தைச் சுற்றிப் பார்த்து, நடுநிலையான ஒரு இடத்தில் மேசையைப் போடச் சொன்னார். அது ஓக் மரத்தடி.

விருந்தாளிக்கு வழக்கப்படி ஒரு கரண்டி பிளம் பழப்பாகும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள் தோப்ரிலா. தண்ணீர்ச் சிக்கனம் குறித்த முன்னுரையைப் படித்து முடிப்பதற்குள் மிலாதின் மூன்று தம்ளர் குடித்துவிட்டார்.

"இப்ப ஆய்வைத் தொடங்கறேன். ரெண்டு போட்டியாளரும் ஆஜரா?"

ஸ்தானா தலையை உயர்த்தி மரத்தைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். "ஆஜர்தான். வேற எங்க போகும்?"

"முதல் இனம், நீர் நுகர்வு. வீட்டுக்காவலன்: இல்லை. ஓக் மரம்: ஒரு நாளைக்கு நானூறு லிட்டர்." அவர் தோப்ரிலாவிடம் திரும்பினார். "இதுக்குத் தினமும் எத்தனை குடம் ஊத்தறே?"

"ஊத்தறதே இல்லைங்கய்யா."

"அப்ப எங்கிருந்து குடிக்குது?"

"மண்ணுக்குள்ளேருந்துங்க."

"அனுமதி வாங்கியிருக்கா?"

தோப்ரிலா மரத்தைப் பார்த்தாள். மரம் ஒன்றும் சொல்லவில்லை.

"எழுதுங்க யாஸ்னா. அனுமதியின்றி நிலத்தடி நீர் எடுத்தல். அடுத்தது, ஜன்னல் ஓரத்தில் வைக்க முடியுமா? வீட்டுக்காவலன் முடியும். ஓக்?"

"பெரிய ஜன்னலா இருந்தா முடியும்" என்றாள் ஸ்தானா.

"முடியாதுன்னு போடுங்க. குப்பை போடுமா? வருஷா வருஷம் போடுது. தொட்டியில இருக்கா? இல்லை. ஏம்மா, ஏன் இதைத் தொட்டியில வைக்கல?"

"நான் கல்யாணமாகி வந்தப்பவே தரையிலதான் நின்னுச்சு. என் மேல பழி போடாதே" என்றாள் ஸ்தானா.

மிலாதின் பெருமூச்சு விட்டார். படிக்காத ஜனங்களோடு மாரடிக்கிற படித்தவரின் பெருமூச்சு அது.

"சரி, நிழலுக்கு எத்தனை மார்க்கு?" என்று ஸ்தானா கேட்டாள்.

"நிழல் அட்டவணையில இல்லம்மா."

"ஏன் இல்ல?"

"நிழல்னா என்ன? வெளிச்சம் இல்லாத இடம். இல்லாத ஒண்ணுக்கு அரசாங்கம் எப்படி மார்க்கு போடும்? யாஸ்னா, மேசையை இந்தப் பக்கம் இழுங்க, வெயில் வந்துடுச்சு."

யாஸ்னா மேசையை இழுத்தாள். அன்று பிற்பகல் முழுக்க நிழல் நகர நகரக் குழுவும் நகர்ந்தது. சாயந்திரம் ஆய்வு முடிந்தபோது குழு கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்காவலன் தொண்ணூற்றேழு, ஓக் மரம் மூன்று. அந்த மூன்றும் வயதுக்கு மரியாதை. வீட்டுக்காவலனுக்கு நூறு கொடுக்காததற்குக் காரணம், யாருக்கும் நூறு கொடுப்பதில்லை என்ற கொள்கை.

"ஆகவே, மேற்படி மரம் இந்த மாசக் கடைசிக்குள்ள அகற்றப்படும். மேற்படி இடத்துல கூழாங்கல் கொட்டி, மேற்படி செடி நடப்படும். நகராட்சியே செய்து தரும். நீங்க நன்றி சொன்னா போதும்."

தூளியில் விஷ்னியா புரண்டு படுத்தாள். ஸ்தானாவே வாயடைத்து நின்றதைப் பார்த்ததும், தான் பேசியே ஆக வேண்டும் என்று தோப்ரிலாவுக்குப் புரிந்தது. வாயில் வந்தது இரண்டு வார்த்தைதான்.

"அது பதிவுங்கய்யா."

ஊரில் அந்த மரத்தை யாரும் ஓக் என்று சொல்வதில்லை. ஸாபிஸ் என்பார்கள், பதிவு என்று பொருள். பட்டையில் சிலுவை வெட்டி நேர்ந்துவிட்ட மரம். வருஷம் ஒருமுறை பாதிரியார் ஊரோடு சுற்றி வந்து, மூடிக்கொண்ட சிலுவையைக் கத்தியால் புதுப்பித்து எண்ணெய் ஊற்றுவார். இது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் மிலாதின் தலைநகரத்தில் பதினோராவது மாடியில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த பதிவு காகிதத்தில் இருந்தது.

அவர் கையிலிருந்த பேனா நின்றது.

"பதிவா? யார் பதிவு பண்ணது?"

"பாதிரியாருங்க."

"எப்போ?"

"ரொம்பக் காலத்துக்கு முன்னாடிங்க. வருஷா வருஷம் புதுப்பிப்பாங்க."

"விடாமப் புதுப்பிச்சிருக்காங்களா? கையெழுத்து?"

"சிலுவை போட்டிருக்குங்க."

எழுதத் தெரியாத காலத்துப் பெரியவர்கள் கையெழுத்துக்குச் சிலுவைதான் போடுவார்கள் என்பது மிலாதினுக்குத் தெரிந்திருந்தது. அவர் முகம் வெளுத்தது. மரத்தை வெட்டலாம், கிணற்றை மூடலாம், ஆளையே ஊரைவிட்டு அனுப்பலாம். புதுப்பிக்கப்பட்ட பதிவில் கை வைத்தால் ஓய்வூதியம் வராது.

யாஸ்னாவுக்கு விஷயம் தெரியும். அவளும் ஒரு கிராமத்துப் பெண்தான். வாயைத் திறக்கப் போனவள், ஒப்பந்தம் கார்த்திகை வரைக்கும் இருப்பதை நினைத்து மூடிக்கொண்டாள்.

வெட்டும் உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. மறுவாரம் ஆவணக் காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது: மேற்படி பதிவின் மூலத்தை நேரில் சமர்ப்பிக்கவும், மடிக்கக் கூடாது.

தோப்ரிலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். காப்பகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"மூலம் எங்கே?"

"மண்ணுக்குள்ள இருக்குங்க."

"புதைச்சா வச்சிருக்கீங்க? பாதுகாப்புதான். எத்தனை பக்கம்?"

"எல்லாப் பக்கமும்தாங்க. வடக்குப் பக்கம் கொஞ்சம் அதிகம்."

"பக்கம் அதிகம்" என்று எழுதிக்கொண்டார். "கிளைகள் உண்டா?"

"நிறைய இருக்குங்க. ஒண்ணு ஸாகோர்காக்கா வீட்டு வரைக்கும் போகுது."

"கிளைகளோட இயங்கற நிறுவனமா? முன்னாடியே சொல்ல வேண்டாமா?" முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ்வளவு பெரிசுன்னா இங்க கொண்டுவர வேண்டாம். இருக்கிற இடத்தையே காப்பகமா அறிவிச்சுடலாம். ஆனா விதிப்படி ஒரு காவலாளி இருந்தாகணும். இருக்காரா?"

தோப்ரிலா யோசித்தாள். "வீட்டுக்காவலன் இருக்குங்க."

"'இருக்கு'ன்னு சொல்லாதீங்கம்மா. அவரும் மனுஷர்தானே? இருக்கார்னு சொல்லுங்க. எங்க நிப்பார்?"

"கூரை மேலங்க."

"நாலு திசையும் தெரியும். கெட்டிக்காரர். ராத்திரி?"

"அங்கேயேதாங்க. கீழ இறங்கினதே இல்ல."

"சாப்பாடு?"

"ஒண்ணும் கேக்காதுங்க... கேக்க மாட்டாரு. தண்ணிகூட வேண்டாம்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இருபத்தேழு வருஷமா இந்த ஆபீஸ்ல இருக்கேன். இப்படி ஒரு ஊழியரைப் பத்திக் கேள்விப்பட்டதில்லை" என்றார் தழுதழுத்து.

நியமன உத்தரவு தபாலில் வந்தது. கூடவே ஒரு வில்லையும் வந்தது, சட்டையில் குத்திக்கொள்ள. அதை நேரில் அணிவிக்க வந்த மிலாதின், காவலாளி செடி என்பதைப் பார்த்துவிட்டு உத்தரவை இன்னொரு முறை படித்தார். பிறகு, வெளியிட்ட உத்தரவைத் திருத்துவதைவிடச் செடியை ஆளாகக் கருதுவது சுலபம் என்ற முடிவுக்கு வந்தார். ஏணி வைத்துக் கூரையிலிருந்து வீட்டுக்காவலனை இறக்கி, தொட்டியில் வைத்து, வில்லையைக் குத்தினார். மரத்தைச் சுற்றி இரும்புவேலி எழும்பியது. வேலிக் கதவின் மேல் காவலாளி உட்கார்ந்தது. பலகை ஒன்றும் மாட்டினார்கள்: ஆவணக் காப்பகம். வாசகர் அனுமதிச் சீட்டு இல்லாதோர் நுழையக் கூடாது.

மரம் பிழைத்தது, நிழல் போயிற்று. தூளி வேலிக்கு உள்ளே தொங்கியது, குழந்தை வெளியே கத்தியது.

பேதுரு திருநாளில் சிலுவையைப் புதுப்பிக்கப் பாதிரியார் கத்தியோடும் ஊரோடும் வந்தார். ஆவணத்தில் திருத்தம் செய்ய மூன்று துறைகளின் ஒப்புதல் தேவை என்று பலகையின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அவர் வேலிக்கம்பியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு, தலையைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையே தோப்ரிலா மறுபடி பஸ் ஏறி, ஒரு அனுமதிச் சீட்டுக்கு மனுக் கொடுத்தாள். வாசகர் பெயர் என்ற இடத்தில் விஷ்னியா என்று எழுதினாள். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் 'தூக்கம்' என்று எழுதினாள்.

குமாஸ்தா அதை இரண்டுமுறை படித்தார். "வாசகசாலைக்கு வர்றவங்க வழக்கமா செய்யறதுதான். எழுத்துல ஒத்துக்கிட்ட முதல் ஆள் இவங்க" என்று முத்திரை குத்தினார்.

அதன்பிறகு அந்தக் கோடையில் துபோவாவில் சட்டப்படி நிழலில் இருந்த ஒரே ஜீவன் விஷ்னியாதான். பல் முளைக்காத அந்த வாசகர் நாளெல்லாம் தூங்கினார். வாசகரைத் தூளியில் கிடத்தியதும் கூட வந்தவர் வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. தோப்ரிலா வேலிக்கு வெளியே வெயிலில் நின்று, கம்பி வழியாக ஒரு கயிற்றை விட்டுத் தூளியை ஆட்டினாள். ஸாகோர்கா தன் கூழாங்கல்லில் செருப்பில்லாமல் கால் வைத்து, கொப்புளத்தோடு வந்து பார்த்தாள்.

"ஒரு குழந்தைக்கு இவ்வளவு நிழல் அதிகம் இல்லியாடி?"

"உன் அக்ரூட் மரத்தை இத்தாலிக்கு அனுப்பிட்டியே, அங்க போய் உக்காரு" என்றாள் ஸ்தானா.

புரட்டாசி கடைசியில் மழை வந்தது. வராத மூன்று வருஷத்துக்கும் சேர்த்து வந்தது. ஓடை கரை மீறியது. ஊரின் இத்தாலி முழுக்க உருண்டு தார்ச்சாலைக்கு வந்து, பஸ் நின்றுபோனது. தண்ணீர் தேங்கிய தோட்டங்களில் வீட்டுக்காவலன்கள் வேக வைத்த கீரை போல் குழைந்து போயின. தோப்ரிலா வீட்டு முற்றத்தில் மட்டும் ஓக் மரம் வேரால் மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வந்தது, வடிந்தது.

மழை விட்டதும் மிலாதின் ரப்பர் பூட்ஸோடு வந்தார்.

"வணக்கம். வெள்ளம் தாங்கும் தோட்டங்களுக்கான ஒப்பீட்டு ஆய்வுக் குழு."

அட்டவணை பழையதுதான். தலைப்பில் ஒரு சொல்லை அடித்து இன்னொரு சொல் எழுதியிருந்தது. நானூறு லிட்டர் அப்படியே இருந்தது, ஆனால் இப்போது அது புண்ணியம். ஓக் மரம் தொண்ணூற்றேழு, வீட்டுக்காவலன் மூன்று. அந்த மூன்றும் செய்த பணிக்கு மரியாதை. ஒவ்வொரு வீட்டிலும் ஓக் மரம் கட்டாயம் என்று உத்தரவாயிற்று. வீட்டுக்கு ஒரு ஓக் கொட்டை இலவசம். வெள்ளிக்கிழமை ஆய்வின்போது நிழல் தரும் நிலையில் மரத்தைக் காட்ட வேண்டும். கொட்டைகளை யாஸ்னாதான் கொண்டுவந்து கொடுத்தாள். தோப்ரிலாவின் மரத்திலிருந்து வேலிக்கு வெளியே விழுந்தவை.

தோப்ரிலாவுக்குக் கொட்டையோடு ஒரு அறிவிப்பும் வந்தது. ஸ்தானா கண்ணாடி போட்டுச் சத்தமாகப் படித்தாள்.

"'தங்கள் முற்றத்தில் ஓக் மரம் ஏதும் இல்லை எனக் கோப்புகளிலிருந்து தெரியவருகிறது. புதுப்பிக்கப்படாமல் காலாவதியான ஆவணம் ஒன்று மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஓக் மரம் காட்டப்படாவிட்டால், மேற்படி ஆவணம் ரம்பத்தால் அகற்றப்பட்டு, அவ்விடத்தில் ஓக் கொட்டை நடப்படும்.'" கண்ணாடியைக் கழற்றினாள். "ஓக் மரம் நடறதுக்காக ஓக் மரத்தை வெட்டப் போறானாம். இவனைப் பெத்தவ இவனுக்குக் காது குத்தறப்ப மூளையைக் குத்திட்டாளா?"

தோப்ரிலா கொட்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு விஷ்னியாவின் அனுமதிச் சீட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலிக்குள் போனாள். காவலாளி தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மிலாதின், ரம்பக்காரர் இருவர், மேசையோடு யாஸ்னா. வேலிக்கு வெளியே ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

"ஓக் மரம் எங்கே?" என்றார் மிலாதின்.

தோப்ரிலாவுக்குக் குரல் கொசு போல வந்தது. "நீங்க குடுத்த கொட்டையை நட்டுட்டேங்கய்யா."

"எங்கே?"

விரலை நீட்டினாள். மிலாதின் விரல் போன வழியே பார்த்தார். அடிமரம், சிலுவை, கிளைகள், ஆகாயம். தொப்பி கழன்று விழுந்தது.

"அது ஆவணம்மா."

"கொட்டை நட்ட இடத்துல இப்ப நிக்கிறது அதுதாங்கய்யா."

மிலாதின் யோசித்தார். ரம்பக்காரர்கள் அடிமரத்தில் ரம்பத்தைச் சாய்த்துவிட்டுக் காத்திருந்தார்கள். அப்போது மேசையிலிருந்து யாஸ்னாவின் பேனா ஓடும் சத்தம் கேட்டது. உரக்கப் படித்துக்கொண்டே எழுதினாள்.

"நட்டது: ஓக் கொட்டை. தற்போதைய உயரம்: முப்பது மீட்டர். நிழல்: உண்டு."

"யாஸ்னா! என்ன எழுதறீங்க?"

"பாத்ததை எழுதறேன் சார். எழுதினதை அடிக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

"உங்க ஒப்பந்தம் என்ன ஆகும் தெரியுமா?"

"இன்னிக்கோட முடியுது சார். சீக்கிரமே முடிச்சுட்டாங்க. வெள்ளத்துல நிதி போயிடுச்சாம்."

எழுதியதை அடிக்க முடியாது. அடிக்காவிட்டால் அது உண்மை. மிலாதின் கையெழுத்துப் போட்டார். ஓக் மரம் ஒன்று கிடைத்துவிட்டதால் ஆவணம் ஒன்று குறைந்தது. அது மழையில் கரைந்துவிட்டதாகக் குறிக்கப்பட்டது. ஆவணம் கரையும்வரை வேடிக்கை பார்த்த குற்றத்துக்காக வீட்டுக்காவலன் பணிநீக்கம் செய்யப்பட்டு, வில்லை பறிக்கப்பட்டது. ஸ்தானா அதைத் தூக்கிக்கொண்டுபோய் மறுபடி கூரையில் வைத்தாள். வேலியை ரம்பக்காரர்களே பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். தோப்ரிலா தன் முற்றத்தில், தன் மரத்தடியில், கயிறில்லாமல் தூளியை ஆட்டினாள்.

மறுமாதம் நகராட்சியின் பாராட்டுச் சான்று வந்தது: மாவட்டத்திலேயே மிக விரைவாக வளர்ந்த ஓக் மரம்.

ஊர் சிரிக்கும் என்று அவள் பயந்தாள். ஊர் சிரிக்கவில்லை. முதலில் ஸாகோர்கா வந்தாள். பொறாமையில் உதடு கோணியிருந்தது.

"ஒரே கொட்டைதான் எனக்கும் குடுத்தாங்க. உனக்கு மட்டும் எப்படி? என்ன உரம் போட்டே, சொல்லிடு."

"அக்கா, அது உங்க கண்ணு முன்னாடியே நின்ன மரம்தானே?"

"சான்றுல அப்படி எழுதலியே."

"ஒண்ணும் போடலக்கா. யாரும் வெட்டாம விட்டாங்க, அவ்வளவுதான்."

"சொல்ல இஷ்டமில்லன்னா விடு" என்று ஸாகோர்கா விருட்டென்று போய்விட்டாள்.

இப்போதும் மாலையில் துபோவா பக்கம் போனால் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு முற்றத்து நடுவில் ஒரு தொட்டி, தொட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு ஓக் கன்று, பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியை மட்டும் எல்லாரும் தொட்டிக்குக் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போட்டிருப்பார்கள். சாயந்திர நிழல் அந்தப் பக்கம்தானே விழும்.